ஜொகூர் நீரிணையும் ஒரு மயக்க மருந்தும்

ஜொகூர் பாருவின் பழைய நகர்ப்பகுதியில் தான் ஹியோக் நீ சாலை என்றொரு தெரு உண்டு. காப்பிக் கடைகளுக்கும் பழைய ரொட்டி அடுப்புக்கும் இன்று பெயர்பெற்ற அத்தெரு யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை அங்குச் செல்வோருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தான் ஹியோக் நீ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூர்ச் சீனர்களின் தலைவராக விளங்கியவர். சிங்கப்பூர் வணிகர்களான தான் செங் போ, சியாங் ஹோங் லிம் ஆகியோருடன் சேர்ந்து 1870இல் அமைந்த பெரும் அபின் குத்தகைக் கூட்டில் அவரும் ஒரு பங்காளியாவார்.

தமிழர் காசுக்கட்டி என்று அறிந்த கம்பீரும் மிளகும் பயிரிடுவதற்காக 1844 முதல் ஜொகூரின் ஆற்றங்கரைகள் காங்சூ எனப்பட்ட சீனத் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தம் எல்லைக்குள் அபின் விற்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. உழைத்துக் களைத்த கூலியாள் அபின் புகைத்துத் தன் ஊதியத்தை அங்கேயே இழந்தான். நீரிணையின் இரு கரைகளுக்கும் குத்தகையை ஒரே கூட்டம் எடுத்ததற்கு எளிய காரணம் ஒன்று இருந்தது. ஒரு கரையில் விலை மலிந்தால் மறுகரைக்குக் கடத்தல் நிகழும். படகுக்கு அது சிறுதொலைவே. 1910இல் சிங்கப்பூரில் குத்தகை முறை நீங்கி அபின் விற்பனையை அரசே ஏற்றது. ஜொகூரின் காங்சூ முறை 1917இல் ஒழிந்தது. வலி தீர்க்கும் மருந்தாகவும் அறிவை மழுக்கும் நஞ்சாகவும் ஒரே பொருள் இருத்தல் கூடும் என்பதை இந்நீரிணை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டது.

அந்த நீரிணையைக் கடந்து, 2025இல் இரு கரைச் செய்தித்தாள்களிலும் பேசப்பட்ட மற்றொரு மருந்துண்டு. அதன் பெயர் எட்டோமிடேட். இது கள்ளச் சந்தைக்கெனப் பிறந்த பொருள் அன்று. அறுவைக் கூடத்திற்கு உரியது.

பெல்ஜியம் நாட்டில் டாக்டர் பால் ஜான்சன் நிறுவிய மருந்துக் கூடத்தில், 1964ஆம் ஆண்டளவில், பூஞ்சை நோய்களுக்கு மருந்து தேடிய ஆய்வுகளின்போது இது உருவாயிற்று. விலங்குகளுக்குச் செலுத்தியபோது அவை உறங்கிப் போயின. பூஞ்சையை ஒழிக்க முனைந்தவர் கையில் உறக்கம் அகப்பட்டது! 1972 முதல் ஐரோப்பிய மருத்துவர்கள் இதனைச் சிரை வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தத் தொடங்கினர்.

அதற்கு முன்பு பெரிதும் வழங்கிவந்தது தியோபென்டோன். 1934இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்த அம்மருந்து விரைவில் உறக்கம் தரும். ஆயினும் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்திவிடும். குருதி இழந்து கிடப்பவனுக்கும் இதய நோயாளிக்கும் அதுவே ஆபத்தாகும். எட்டோமிடேட்டோ இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் கலைக்காமல் விட்டுவிடுகிறது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.3 மில்லிகிராம், அஃதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் போதும். ஒரு நிமிடத்திற்குள் நினைவு தப்பும். மருந்து மூளையை விட்டு உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிவிடுவதால் சில நிமிடங்களிலேயே நினைவு மீளும். மூச்சுக்குழாய் பொருத்துவதற்கு அவ்வளவு நேரம் போதுமானது.

குறைகளும் இல்லாமல் இல்லை. இது வலியைப் போக்காது. செலுத்தும் இடத்தில் எரிச்சலும் பின்னர்க் குமட்டலும் உண்டாகலாம். கை கால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுப்பது இதன் தனித்தன்மை. அறுவைக் கூடத்தில் அது சிறு தொல்லையே. வேறு மருந்தால் அடக்கிவிடுவர். இந்த வெட்டி இழுப்பு பின்னர் வேறோரிடத்தில், வேறொரு பெயரில், தலைகாட்டப் போகிறது.

இத்தகைய நல்ல மருந்தை ஒருமுறை மட்டும் ஏன் தரவேண்டும், நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏன் தரலாகாது என்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எண்ணினர். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளியை அமைதிப்படுத்த அவ்வாறே தரவும் செய்தனர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பலத்த விபத்துக் காயங்களுடன் வந்தோரைக் கவனித்த லெடிங்ஹாம், வாட் என்னும் இருவர் தம் பிரிவின் ஏடுகளைப் புரட்டியபோது திடுக்கிட்டனர். காயங்களின் கடுமை கூடவில்லை. ஆனால் இறப்பு கூடியிருந்தது. மாறியது அமைதிப்படுத்தும் மருந்து ஒன்றே. பழைய மருந்துகளைப் பெற்றோரில் 28 விழுக்காட்டினர் இறந்திருக்க, எட்டோமிடேட் பெற்றோரில் 77 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். 1983 ஜூன் மாதம் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த அவர்களின் கடிதம் மருத்துவ உலகை உலுக்கிற்று.

காரணம் விரைவில் புலனாயிற்று. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் சுரப்பைத் தருகின்றன. காயம், தொற்று, அதிர்ச்சி எது நேரினும் உடலைத் தாங்கிப் பிடிப்பது அதுவே. அதனை ஆக்கும் நொதி ஒன்றை எட்டோமிடேட் முடக்கிவிடுகிறது. 1984இல் அமெரிக்காவில் வாக்னரும் அவர்தம் தோழர்களும் இதனை ஆய்ந்து உறுதி செய்தனர். இதிலுள்ள நுட்பம் யாதெனின், உறக்கம் தரத் தேவைப்படும் செறிவைவிட மிகக் குறைந்த செறிவே சுரப்பியை முடக்கப் போதும். எனவே நோயாளி கண்விழித்த பின்னரும் சுரப்பி விழிப்பதில்லை. ஒரேயொரு வேளை மருந்தால் ஒரு நாள் வரைகூட அது தளர்ந்திருக்கக் கூடும். அதன்பின் நாள்கணக்கில் செலுத்தும் வழக்கம் கைவிடப்பட்டது. ஒரு வேளை தருவது மட்டும் நிலைத்தது. கடுந்தொற்று உடையோர்க்கு அந்த ஒரு வேளையும் தகுமா என்பதில் மருத்துவர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை. கார்டிசால் மிகுதியால் வருந்தும் நோயாளிகள் சிலருக்கு இதே மருந்தைச் சிறு அளவில் கொடுத்துச் சுரப்பியை அடக்குவதும் உண்டு. குறையையே குணமாக்கிக் கொண்ட அத்திறம் பாராட்டத்தக்கது.

ஆக, இம்மருந்தின் காப்பு மருந்தில் மட்டும் இல்லை. அளவிலும், முறையிலும், அருகில் நிற்கும் மருத்துவரிடத்தும் உள்ளது. இவ்வுண்மை அச்சேறி நாற்பதாண்டுகள் கடந்த பின்னர்தான் மருந்து தெருவுக்கு வந்தது.

சீனா, செயற்கைக் கஞ்சாப் பொருள்கள் அனைத்தையும் 2021 ஜூலையில் தடைசெய்தது. மின்சிகரெட்டில் அவற்றைக் கலந்து விற்றோர் உடனே மாற்றுப் பொருள் தேடினர், எட்டோமிடேட் அகப்பட்டது. அந்நாடு 1.10.2023 முதல் அதனையும் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது. ஹாங்காங் 2025 பிப்ரவரியில் அவ்வாறே செய்தது. அதற்குள் சரக்கு தெற்கு நோக்கி வந்துவிட்டது.

ஜொகூரில் மின்சிகரெட் விற்பனைக்கு 1.1.2016 முதலே தடை உண்டு. சுல்தான் இப்ராகிம் 2015 நவம்பரில் இட்ட ஆணையின்படி கடைகள் மூடப்பட்டன. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதும் புகைப்பதும்கூடக் குற்றமாயின. இரு கரைகளிலும் தடை. இடையே நாள்தோறும் மூன்று இலட்சம் பேருக்கு மேல் கடக்கும் பாலம். 1924இல் திறந்து வைக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் அளவே. கைக்குள் அடங்கும் மின்சிகரெட் குப்பியை அக்கூட்டத்திடையே தேடுவது எளிதா? சிங்கப்பூரில் கைப்பற்றப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததாக 2025 ஜூலையில் அந்நாட்டு அரசு அறிவித்தது. 1.9.2025 முதல் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. கடத்தி வருவோருக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாயின. உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளில் சோதனை கடுமையாயிற்று.

'கேபாட்' என்பது இதற்குத் தெருவில் வழங்கும் பெயர். இழுத்தவர் தள்ளாடிக் கை கால் வெட்டி இழுக்கும் காட்சியைக் கண்டோர் நடைப்பிணம் என்றனர். அறுவைக் கூடத்தார் ஐம்பதாண்டுகளாக அறிந்திருந்த அதே தசை இழுப்புத்தான் அது. அங்கே அது படுக்கையில் நிகழ்ந்தது, மூச்சைக் கவனிக்க ஒருவர் இருந்தார். இங்கே நடைபாதையிலும் வாகனத்திலும் நிகழ்கிறது.

மருத்துவர் விரும்பிய குணமே இங்குக் கேடாக முடிகிறது. மயக்கம் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவதால் புகைப்பவர் மீண்டும் இழுக்கிறார். ஒரு நாளில் எத்தனை முறை என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வோர் இழுப்பிலும் எத்தனை மில்லிகிராம் உட்சென்றது என்பதும் அவர் அறியார். அட்ரினல் சுரப்பியோ தெளிவதற்கு இடைவெளியின்றிக் கிடக்கிறது. கிளாஸ்கோவில் ஊசிவழிச் சொட்டுச் சொட்டாகச் சென்றது, இங்குப் புகையாகச் செல்கிறது. இதற்கெனத் தனி முறிமருந்து ஏதுமில்லை. சோர்வு, வாந்தி, தாழ்ந்த இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு ஓர் இளைஞனை மருத்துவமனைக்கு அழைத்து வரும் பெற்றோர், அவன் எதனைப் புகைத்தான் என்பதை வெட்கத்தால் மறைப்பாராயின், கார்டிசால் குறைவை உடனே ஐயுற மருத்துவருக்கு வழியிராது.

சிங்கப்பூர் தடைசெய்தபோது எட்டோமிடேட்டோடு அதன் உறவுப் பொருள்களாகிய மெட்டோமிடேட், புரோப்பாக்சேட், ஐசோபுரோப்பாக்சேட் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்தது. ஒன்று தடைபட்டால் அதன் தங்கை வருவாள் என்பதைச் சீனத்தில் கண்டறிந்தனர் போலும். இவற்றுள் மெட்டோமிடேட், அலங்கார மீன்களைத் தொலைதூரம் அனுப்பும்போது அவற்றை அமைதிப்படுத்த நீரில் கலக்கப்படும் மருந்தாகும்.