தாம்பூலமும் வாயின் உயிரணுக்களும்

வெற்றிலை பாக்கின்றித் தமிழர்தம் மங்கலம் நிறைவதில்லை. தம்போய் வட்டாரத்துத் திருமண வீடுகளிலும் தாம்பூலத் தட்டே விருந்தினரை வரவேற்கும். இம்மண்ணுக்கும் தாம்பூலத்திற்கும் பழைய உறவுண்டு. 1844 முதல் தெப்ராவ், ஸ்கூடாய் ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் மிளகோடு கம்பீரும் பயிரிட்டனர். கம்பீர் இலையை வேகவைத்து இறுக்கிய காசுக்கட்டி, தோல் பதனிடப் பயன்பட்டது, வெற்றிலையோடும் சேர்ந்தது. பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர், சுண்ணாம்பும் புகையிலையும் கூட்டி மெல்லும் வழக்கத்தைத் தம்முடன் கொணர்ந்தனர். பசியையும் களைப்பையும் மறக்க உதவிய அவ்வழக்கம், மறைவாக ஒரு விலையையும் கேட்டது.

அவ்விலையை மருத்துவ உலகம் படிப்படியாகவே உணர்ந்தது. இலண்டனில் புகைபோக்கி துடைப்போருக்குப் புகைக்கரியால் புற்றுநோய் வருவதை 1775-இல் பெர்சிவல் பாட் எடுத்துக்காட்டினார். இடைவிடாத உறுத்தலே புற்றுக்கு வித்தென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் விர்கோ கருதினார். 1915-இல் யப்பானியர் யமகிவாவும் இச்சிகவாவும் முயல் காதில் தொடர்ந்து கரித்தார் பூசிப் புற்றை உண்டாக்கினர். இதற்கிடையே, 1902-இல் சென்னையில் நிப்லாக் என்னும் மருத்துவர், வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். 1933-இல் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில் பணியாற்றிய ஓர் என்பவரும் அதனை விரிவாக ஆராய்ந்தார். இவ்வுண்மைக்குச் சான்றாய் நின்றவை நம்மவர் வாய்களே!

வாய்க்குள் நிகழ்வதென்ன? சுண்ணாம்பின் காரம் மென்சவ்வை அரிக்கிறது. பாக்கிலுள்ள பொருள்கள் நார்த்திசுவைப் பெருக்குகின்றன. கன்னம் விறைத்து, வாய் திறப்பதே அரிதாகிறது. மேற்புற உயிரணுக்கள் தற்காப்பாகத் தடிக்கின்றன, வெண்படலம் தோன்றலாம். உறுத்தல் நீடித்தால் உயிரணுக்கள் வடிவும் ஒழுங்கும் இழக்கின்றன. அவற்றுட் சில கட்டு மீறிப் பெருகிப் புற்றாகின்றன. புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றுக்குக் காரணமாகும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பு உறுதிப்படுத்தியது. மலேசியாவில் 1993–94-இல் நடந்த நாடளாவிய வாய்நல ஆய்விலும் புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இந்தியரிடையே மிகுந்திருந்தன.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. வெண்படலம் தோன்றிய அளவில் மெல்வதை நிறுத்தினால், பலருக்கு அது மறைவதுண்டு. ஆனால் அந்நிலையில் வலி இராது. வலியில்லாததால் எவரும் மருத்துவரை நாடுவதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணும் மறையாத வெண்படலமும் பல்மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே! தட்டில் வெற்றிலை மங்கலமாய் இருக்கட்டும், வாயில் வேண்டா. இன்று வீடு திரும்பியதும் பாட்டியிடம் ஒருமுறை வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.