திருகோணமலை மாணவரும் சோதனைப் பயமும்



நம்மூர்ப் பேச்சிலே பரீட்சைக்குச் 'சோதனை' என்றொரு பெயர் உண்டு. இறைவன் அடியாரைச் சோதிப்பதற்கும் ஆசிரியர் மாணாக்கரைச் சோதிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் அறிந்துதான் வைத்தனரோ, யாம் அறியோம். உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று இருக்கும் வீட்டினுள் பரீட்சை நெருங்கும் காலத்தில் நுழைந்து பார்த்தவர்க்கு அச்சொல்லின் பொருத்தம் விளங்கும். வானொலியின் ஒலி தணிந்திருக்கும். விருந்தினர் வாசலோடு திரும்புவர். பிள்ளைக்கு உறக்கம் இராது, உணவு செல்லாது, பாடமாக்கியது நினைவில் நில்லாது. "மனத்திடம் போதாது" என்று பெரியவர்கள் ஒரு சொல்லிலே முடித்துவிடுவார்கள். அது முழு உண்மையன்று. திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலே இவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1880ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ்ப் பரீட்சைகள் இலங்கையில் நடைபெறத் தொடங்கின. வினாக்கள் ஆங்கிலத்தில், கடல் கடந்த ஊரிலிருந்து வந்தன. விடைத்தாள்களும் கப்பலேறிப் போயின. தன்னைக் கண்டறியாத ஒருவர், தான் கண்டறியாத நாட்டில் இருந்துகொண்டு தன் விதியை எழுதுகிறார் என்ற எண்ணம் அக்கால மாணவனுக்கு எத்தகைய கலக்கத்தைக் கொடுத்திருக்கும்! எனினும் அன்று கல்வியின் வழிகள் பலவாக இருந்தன. திருகோணமலையிற் பிறந்த கனகசுந்தரம்பிள்ளை, சரவணமுத்துப்பிள்ளை என்னும் சகோதரர் இருவரும் சென்னைக்குச் சென்று உயர்கல்வி பெற்றனர். அவருள் இளையவர் 1895இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை வெளியிட்டவர்.

இனி, சுவாமி விபுலாநந்தரைக் காண்போம். 1920களின் பிற்பகுதியிலே திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர். அவரும் பரீட்சைகளின் வழியே ஏறியவரே. ஆனால் ஏறிய விதத்தைக் கவனியுங்கள். 1908இல், பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேறினார். பின் ஆசிரியப் பணி. அதன்பின் ஆசிரியப் பயிற்சி. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சை. 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம். பன்னிரண்டு ஆண்டுகள்! ஒவ்வொரு பரீட்சைக்கும் இடையே தொழில் இருந்தது, சம்பளம் இருந்தது, கற்பிக்கும் இன்பமும் இருந்தது. ஒரு படியில் வழுக்கினாலும் நிற்பதற்கு இடம் இருந்தது.

அதே 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே யேர்க்ஸ், டொட்சன் என்னும் இரு அறிஞர், எலிகளுக்கு மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்து அவை கற்கும் வேகத்தை அளந்தனர். எளிய வேலையைக் கற்பதில் அதிர்ச்சி மிகுந்தபோது வேகமும் மிகுந்தது. கடினமான வேலையிலோ, நடுத்தரமான அதிர்ச்சியே பயன் தந்தது, அளவு கடந்ததும் கற்றல் தடைப்பட்டது. பிள்ளையை எலியோடு ஒப்பிடுவதைப் பொறுத்தருள்க. ஆயினும் கணக்குப் பாடத்தின் முன் நடுங்கும் பிள்ளையை மேலும் மிரட்டுவதால் பயனில்லை என்பதை உணர்த்த இச்சோதனை போதுமானது.

அப்படியாயின், நம் பிள்ளைகளின்மேல் அச்சத்தின் அளவு எவ்வாறு மிகுந்தது? வாயில்கள் ஒவ்வொன்றாக அடைபட்டமையே முதற்காரணம். பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த காலத்தில், புத்தகம் ஏறாத பிள்ளைக்கு டொக்யார்ட் இருந்தது. அங்கே இரும்பு வேலை, மரவேலை, எழுதுவினைஞர் வேலை எனப் பல துறைகள் இருந்தன. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. நாட்டுக்கு அது பெருமை. ஆனால் தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பல பிழைப்பை இழந்தன. அதற்கு முந்திய ஆண்டிலேயே, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் கதவைத் தமிழ் இளைஞருக்குப் பாதி சாத்தியிருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி, மீனவர் வீட்டுப் பிள்ளையையும் வகுப்பறைக்கு அழைத்தது. அதனினும் நல்ல செயல் ஒன்றில்லை. எனினும் வகுப்பறைகள் நிறைந்த வேகத்திற் பல்கலைக்கழக இடங்கள் பெருகவில்லை. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. தமிழ்மொழி மூலம் எழுதியவர் கூடுதலான புள்ளி பெற்றாலன்றிப் பொறியியற் பீடத்துள் நுழைதல் அரிதாயிற்று. 1974இன் மாவட்டப் பங்கீட்டிலே, பின்தங்கிய மாவட்டமெனக் கணிக்கப்பட்ட திருகோணமலைக்கு ஒரு சிறு சாளரம் திறந்தது என்பதையும் நடுநிலையாளர் சொல்ல வேண்டும். ஆயினும் சாளரத்தின் வழியே எத்தனை பேர் நுழைவர்? பல வாயில் ஒரு வாயிலாயிற்று. அந்த ஒன்றைத் தட்டுவதற்கும் மூன்று தடவையே வாய்ப்பு என்பது விதி.

போதாக்குறைக்கு, மூச்சு வாங்கும் இடமும் பறிபோனது. மாலையில் கடற்கரையில் நாலுபேராய் அமர்ந்து கதைத்தல் இவ்வூர் மாணவரின் பழைய மருந்து. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை அவ்வாறு கூடியிருந்த மாணவர் ஐவர் அக்கடற்கரையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஊரடங்கும் இடப்பெயர்வும் கண்ட அந்த ஆண்டுகளிற் பரீட்சைக்கு இருந்த பிள்ளைகளுக்கு, மனத்தை ஆற்றுவது பற்றி எவர் என்ன சொல்லியிருக்க முடியும்?

என் காலத்துச் செய்தி ஒன்று சொல்கிறேன். 1970களின் பிற்பகுதி. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கையில், எங்கள் கணித ஆசிரியர் புத்தகங்களை மூடச் சொன்னார். பஸ்ஸில் ஏற்றிக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போனார். செய்தி அறிந்த என் பாட்டி கொதித்துவிட்டார். "ஈமக்கடன் கழிக்கும் இடத்துக்கா சோதனைக்கு முன் போவது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மறைந்தவர்க்குக் கடன் கழிக்க மக்கள் அங்கே செல்வது நெடுநாள் வழக்கம். நாங்களோ ஏழு கிணறுகளிலும் வாளியை விட்டு, எது அதிகம் சுடுகிறது என்று பந்தயம் கட்டினோம். ஆசிரியர் ஒரு மரநிழலில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, "தேறாவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். எங்களை அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. ஒருவன் தந்தையின் தோணியைச் சொன்னான். ஒருவன் ஆசிரியப் பயிற்சியைச் சொன்னான். எனக்கு விடை தெரியவில்லை. "சரி, யோசித்து வை" என்றார். வேறு உபதேசம் செய்யவில்லை. அன்றிரவு, பல வாரங்களுக்குப் பின், விடியும்வரை உறங்கினேன்.

அவ்வாண்டு எங்களிற் பாதிப்பேரே தேறினோம் என்று சொல்ல ஆசைதான். தேறியவருள் நான் இல்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதினேன்.