வல்லவன் (இசைத்தொகுப்பு)

வல்லவன் என்பது மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பி, தம் நட்சத்ரா குழுவுடன் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட தமிழ் ஹிப்ஹாப் இசைத்தொகுப்பு ஆகும். பொயட்டிக் அம்மோ என்ற நால்வர் குழுவில் பெயர் பெற்ற அவர், அதன்பின் தம் பெயரை முன்னிறுத்தித் தமிழில் கொண்டுவந்த ஆல்பம் இது. டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரும் நட்சத்ராவாக இதில் உடன் பாடியிருப்பதால், இது முழுக்க ஒருவர் குரலில் அமைந்த தொகுப்பு அன்று. சிலம்பரசன் நடிப்பில் அதே ஆண்டு வெளிவந்த ‘வல்லவன்’ திரைப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தமிழ் ராப் என்றால் திரைப்பாட்டின் நடுவே வந்துபோகும் துணுக்கு என்றிருந்த நிலையை மாற்றி, ஓர் ஆல்பம் முழுவதையும் அது தாங்கும் என்று நிறுவியதே இத்தொகுப்பின் முதன்மையான சிறப்பு.

பின்னணி

யோகி பி, பாயின்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி. லோகோ ஆகிய நால்வரும் சேர்ந்தது பொயட்டிக் அம்மோ. மலேசிய ஹிப்ஹாப்பின் முன்னோடிக் குழுக்களில் ஒன்றான இது, 1998-இல் ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டோனீஸ் ஆகிய நான்கு மொழிகளில் அதன் பாடல்கள் அமைந்தன. பல இனத்தாரும் சேர்ந்து வாழும் நாட்டில் அது இயல்பான தேர்வுதான். ஆனால் தமிழுக்குக் கிடைத்தது அந்தப் பந்தியில் ஓர் இலை மட்டுமே.

குழுவில் புகழ்பெற்ற ஒருவர் தனிப்பெயரில் முதல் ஆல்பம் தருவது உலக பாப் இசையில் பழகிய வழி. டேக் தட் குழுவிலிருந்து 1995-இல் விலகிய ராபி வில்லியம்ஸ் 1997-இலும், ஒன் டைரக்‌ஷனிலிருந்து 2015-இல் விலகிய ஜெயின் மாலிக் 2016-இலும் அப்படி வந்தவர்கள். மலேசியாவிலேயே டூ ஃபாட் இணையின் மாலிக், 2009-இல் ‘ஓகே’ என்ற ஆல்பத்தைத் தந்தார். ராபி வில்லியம்ஸும் ஜெயின் மாலிக்கும் குழுவின் மொழியிலேயே தொடர்ந்தார்கள். யோகி பி பல மொழி மேடையிலிருந்து தாய்மொழிக்கு வந்தார். கேட்பவர் தொகை சுருங்கும் என்று பிறர் தயங்கக்கூடிய இடத்தில் துணிந்து நின்றார்.

தமிழ்நாட்டில் ராப், திரைப்படம் வழியாகவே அறிமுகமாகியிருந்தது. ‘காதலன்’ (1994) படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ் பாடிய ‘பேட்டை ராப்’ அதற்குப் பெயர்போன சான்று. மலேசியாவின் சூழல் வேறு. ரப்பர் மரங்களில் பால் எடுத்துப் பிழைத்த தோட்டப்புறக் குடும்பங்கள் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகர்ப்புற அடுக்ககங்களுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தன. அங்கே வளர்ந்த இளைஞர்களுக்கு ஹிப்ஹாப் தம் நிலையைத் தம் குரலில் சொல்லும் வழியாயிற்று.

மடை திறந்து

தொகுப்பில் மிகப் பெரிய வரவேற்பைப் பெற்றது ‘மடை திறந்து’. பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ (1980) படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடிய பாடல் இதற்கு அடிப்படை. படத்தில் அது, வாய்ப்புத் தேடி அலையும் இசைக்கலைஞன் ஒருவன் தன் வெற்றியைக் கனவு காணும் இடத்தில் வருகிறது. சந்திரசேகர் நடித்த அக்காட்சியில் இளையராஜாவும் தோன்றுகிறார்.

நட்சத்ரா அந்தப் பல்லவியை ஊடுசரடாக வைத்து, இடையிடையே தம் ராப் அடிகளைக் கோத்தது. இசையால் உயர்ந்துவிட வேண்டும் என்ற வேட்கை பழைய பாடலிலேயே இருந்ததால், புது அடிகள் ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. அங்கீகாரத்துக்குக் காத்திருந்த மலேசிய இளைஞர்களின் குரலாகவே அது ஒலித்தது. பழைய இசைத்துண்டை எடுத்துப் புதிதாக அடுக்குவது ஹிப்ஹாப்பின் அடிப்படை உத்தி. அமெரிக்கக் கலைஞர்கள் சோல், ஃபங்க் இசைத்தட்டுகளை நாடிய இடத்தில் யோகி பி இளையராஜாவை நாடினார்.

சொல்லமைப்பு

தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் அடிக்கடை ஒத்தொலிக்கும் இயைபு எளிதில் வாய்க்கும். எளிது என்பதாலேயே விரைவில் சலித்தும்விடும். தாளத்துக்கு உறுதி தருபவை அடிமுதலில் விழும் மோனையும் எதுகையும்தான். பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள்வழி இந்த ஓசை தமிழர் காதுக்குப் பழகியது. நட்சத்ராவின் பாடல்கள் ஆங்கிலச் சொற்களைக் கலந்தபோதும், தமிழ்ச் சொற்களின் வல்லோசையைத் தாளத்தின் அடிகளில் நிறுத்தின.

வரவேற்பும் தாக்கமும்

‘மடை திறந்து’ மலேசியா, சிங்கப்பூர் எல்லைகளைத் தாண்டித் தமிழ்நாட்டிலும் பரவலாகக் கேட்கப்பட்டது. திரைப்படத்தின் துணையில்லாத வெளிநாட்டுத் தமிழ்ப் பாடல் ஒன்றுக்கு, சென்னை முதல் தென்காசி வரை திரைப்பாட்டே இசை என்றிருந்த மாநிலத்தில் இது அரிய பேறு.

யோகி பிக்குத் தமிழ்த் திரையுலகின் கதவும் திறந்தது. ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் மறு ஆக்கமாக வந்த ‘எங்கேயும் எப்போதும்’ பாடலிலும், ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017), ‘தர்பார்’ (2020) ஆகிய படங்களின் பாடல்களிலும் அவர் குரல் ஒலித்தது.

தமிழ்நாட்டில் ஹிப்ஹாப் தமிழா இணையின் ‘ஹிப்ஹாப் தமிழன்’ 2012-இலும், ராப் பாடகர் அறிவின் பங்களிப்புடன் ‘தெருக்குரல்’ 2019-இலும் தனி ஆல்பங்களாக வெளிவந்தன. தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பேசிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ (2021) என்ற பாடல் உலகெங்கும் கேட்கப்பட்டது. திரைக்கு வெளியே தமிழ் ராப்புக்கு இன்றுள்ள மதிப்பை விளக்கும் எந்த வரலாறும் ‘வல்லவன்’ தொகுப்புக்கு முன்வரிசையில் இடம் தந்தாக வேண்டும். தமிழிசையின் புது வடிவங்கள் சென்னையில் பிறந்து வெளியே போவதே வழக்கம் என்ற எண்ணத்தை மாற்றி, கடல் கடந்த தமிழரும் தாயகத்துக்கு இசை தர முடியும் என்று காட்டிய தொகுப்பு அது.