கேட்ஸ்பி தீம் பார்ட்டிக்கு ஜோடியா போறீங்களா? டிரெஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆபீஸ் ஆண்டு விழாவோ, நியூ இயர் பார்ட்டியோ, 'ரெட்ரோ தீம்' என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது 'தி கிரேட் கேட்ஸ்பி'தான். ஆன்லைனில் தேடினால் பெண்ணுக்குக் குஞ்சம் தொங்கும் குட்டை கவுன், ஆணுக்குக் கோடு போட்ட கோட்டும் கறுப்புச் சட்டையும் வரும். ஒரே ஒரு ராத்திரிக்கான இந்த செட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன், நாவல் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம்.

எந்த வருஷத்து உடை?

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவல் வெளியானது 1925 ஏப்ரலில். ஆனால் கதை நடப்பது 1922 கோடையில், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில். இந்த மூணு வருஷம் முக்கியம். 1922-ல் பெண்களின் கவுன் கெண்டைக்காலைத் தாண்டி இறங்கியிருந்தது. முழங்கால் அளவுக்கு ஏறியது 1920-களின் பின்பாதியில்தான். ஆக, தொடை தெரியும் குஞ்ச கவுன் பிற்கால காஸ்ட்யூம் கடைகளின் கற்பனை. கறுப்புச் சட்டை, கோடு போட்ட கோட்டு எல்லாம் கேங்ஸ்டர் படத்து லுக்.

நாவலில் யார் என்ன உடுத்துறாங்க?

கேட்ஸ்பி – டெய்சி: ஐந்து வருஷம் கழித்து டெய்சியைச் சந்திக்கும் நாளில் கேட்ஸ்பி போடுவது வெள்ளை ஃப்ளானல் சூட், வெள்ளி நிறச் சட்டை, தங்க நிற டை. பின்னால் ஒரு காட்சியில் பிங்க் சூட். டெய்சி முதலில் தோன்றுவது வெள்ளை உடையில்.

நிக் – ஜோர்டன்: பட்ஜெட் ஜோடி. கேட்ஸ்பி வீட்டு பார்ட்டிக்கு நிக் வெள்ளை ஃப்ளானலில் போகிறார். ஜோர்டன் கோல்ஃப் வீராங்கனை; எந்த உடையையும் விளையாட்டு உடை மாதிரி சாதாரணமாக உடுத்துபவர்.

மர்ட்டில் – ஜார்ஜ்: அதிகம் பேர் தொடாத ஜோடி. மர்ட்டிலுக்கு க்ரீம் நிற ஷிஃபான், மெக்கானிக் கணவர் ஜார்ஜுக்குச் சாம்பல் தூசி படிந்த அடர்நிற சூட்.

உடையில் அப்படி என்ன இருக்கு?

இந்தக் கதையில் துணிதான் வர்க்கம். பரம்பரைப் பணக்காரரான டாம், கேட்ஸ்பியின் பிங்க் சூட்டைச் சுட்டிக்காட்டியே 'இவரா ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்?' என்று ஏளனம் செய்கிறார். அதே டாம் கல்யாணத்துக்கு முந்தைய நாள் டெய்சிக்குக் கொடுத்த முத்து மாலையின் மதிப்பு 3,50,000 டாலர். கல்யாணம் நடந்த 1919-லிருந்து விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால், இன்று 60 லட்சம் டாலரைத் தாண்டும். மர்ட்டிலோ, டாம் பிடித்துக்கொடுத்த அபார்ட்மென்டில் உடை மாற்றியதும் பெரிய வீட்டு அம்மா தோரணைக்கு மாறிவிடுகிறார். ஆக, நீங்க தேர்ந்தெடுக்கும் ஜோடி பணத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் உடை சொல்லிவிடும்.

செலவைக் குறைக்க என்ன வழி?

பெண்களுக்கு: பழைய ஜார்ஜெட் அல்லது க்ரேப் புடவை ஒன்று போதும். டெய்லரிடம் மூணு விஷயம் சொல்லுங்க: இடுப்பில் பிடிக்காமல் நேராகத் தைக்கணும், இடுப்புக்கோடு இடுப்பெலும்பு வரை இறங்கணும், நீளம் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கணும். மணி வேலைப்பாடுள்ள புடவை என்றால் இன்னும் பொருத்தம். நீண்ட முத்து மாலை, ஸ்ட்ராப் வைத்த ஷூ சேர்த்தால் முடிந்தது. நீளமான கூந்தலை வெட்ட வேண்டாம், கழுத்தருகே தாழ்வாகச் சுருட்டிப் பின் குத்தினால் பாப் கட் மாதிரி தெரியும்.

ஆண்களுக்கு: நம்ம ஊர் வெயிலுக்கு ஃப்ளானல் வேண்டாம், வெள்ளை அல்லது க்ரீம் லினன் போதும். பேன்ட் தொப்புள் உயரத்துக்கு ஏறணும், அதனால் பெல்ட்டுக்குப் பதில் சஸ்பெண்டர். சூட் உங்களிடமே இருந்தால் வேஸ்ட்கோட்டை மட்டும் வாடகைக்கு எடுங்க.

படத்தைப் பார்த்துத் தைக்கலாமா?

ராபர்ட் ரெட்ஃபோர்டு நடித்த 1974 படம், லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த 2013 படம் இரண்டுமே ஆடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் வாங்கியவை. அமிதாப் பச்சன் மேயர் உல்ஃப்ஷைமாக வருவது இரண்டாவதில். ஆனால் அதன் உடைகள் இன்றைய ஃபேஷனோடு கலந்தவை. 1922 வேணும்னா நாவலே நல்ல வழிகாட்டி. அமெரிக்காவிலும் 2021 ஜனவரி 1-ல் காப்புரிமை முடிந்துவிட்டதால், முழு நாவலும் இணையத்தில் இலவசம். டெய்லர் கடைக்குப் போகும் முன் ஒருமுறை படிச்சிடுங்க.