புரட்டிப் பார்த்து வாங்கும் ஹெட்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருக்கிறது ஆப்பூர். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளை இங்கே ஓர் ஆட்டோ நகருக்குக் கொண்டுவருவது அரசு முன்வைத்த திட்டம். புது எஞ்சின்கள் உருவாகும் வட்டாரத்துக்கே பழைய எஞ்சின்களும் வந்து சேர்வது பொருத்தம்தான். ஆனால் கடைகளோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டிய இன்னொன்று உண்டு: பழைய சிலிண்டர் ஹெட்டை வாங்குமுன் சோதிக்கும் முறை. அதைப் பேரம் பேசும் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் பலர். அதன் வரலாற்றைப் பார்த்தால் அது அளவெடுக்கும் தொழிலாக வளர்ந்தது தெரியும். அப்படி வளர்த்தது எஞ்சினின் அமைப்பில் வந்த மாற்றம்.

1950-களில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் வண்டி பூட்டுவதை நிறுத்தின. இறக்குமதிக்கும் கட்டுப்பாடு. ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு உடைத்த வண்டிகளே கைகொடுத்தன. அன்றைய சைடு வால்வு எஞ்சின்களில் வால்வுகள் பிளாக்கில் இருந்தன. ஹெட் என்பது வெறும் வார்ப்பிரும்பு மூடி. கிராக் இல்லையா, முகம் அரிக்கவில்லையா என்று பார்த்தால் போதும். 1959-இல் அம்பாசடருக்கு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்ததும் வால்வு, கைடு, சீட் எல்லாம் ஹெட்டுக்கு ஏறின. பார்க்க வேண்டியவையும் கூடின. ஆனாலும் வார்ப்பிரும்பு சூட்டைத் தாங்கும், லேசில் வளையாது.

1983-இல் வந்த மாருதி 800 கணக்கை மாற்றியது. ஹெட் அலுமினியம்; கேம்ஷாஃப்ட்டும் அதன் மேலேயே. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 30 செ.மீ. நீள ஹெட் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், இரும்பு 0.3 மி.மீ. அளவுக்கு நீளும், அலுமினியம் 0.7 மி.மீ. நீளப் பார்க்கும். கீழே இரும்பு பிளாக், மேலே போல்ட்டுகளின் பிடி. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஒருமுறை ஓட்டினாலே ஹெட் பெண்ட் ஆகிவிடலாம். அதனால் விவரம் தெரிந்தவர் ஹெட்டைக் கவிழ்த்து, கேஸ்கெட் உட்காரும் முகத்தைத் துடைத்து, நேர்ச்சட்டத்தை நீளவாக்கில், குறுக்கில், இரு மூலைவிட்டங்களில் வைக்கிறார். அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கிறார். பல சிறிய எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ.தான் வரம்பு. பிறகு இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே மயிரிழைக் கிராக், தண்ணீர் வழியோரத்து அரிப்பு, பிளக் மரை, கைடில் வால்வின் ஆட்டம். பளபளக்கும் முகம் நல்ல அறிகுறி ஆகாது: முகத்தைச் சீவி ஃபேசிங் போட்டுப்போட்டு உயரம் குறைந்த ஹெட்டும் பளபளக்கும். உயரத்தை அளந்தால்தான் உண்மை தெரியும்.

மாருதிக்கு முன்பே ஃபியட்டில் அலுமினிய ஹெட் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அதன் கேம்ஷாஃப்ட் பிளாக்கில் இருந்தது. மாருதி வகையில் ஹெட் வளைந்தால் கேம் உட்காரும் இடமும் கோணும். முகத்தை மட்டும் சீவினால் அது சரியாகாது. இன்னொரு வாதம், இன்று புது ஹெட்டே கிடைக்கிறதே என்பது. உற்பத்தி நின்ற மாடல்களுக்கு எந்நாளும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையே 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கிடைத்தாலும் பழைய வண்டியின் மதிப்புக்கு அந்த விலை கட்டுமா என்பது வேறு கேள்வி. வலுவான ஆட்சேபம் திருட்டைப் பற்றியது. எஞ்சின் எண் பிளாக்கில் இருக்கிறது. தனியே வந்த ஹெட் எந்த வண்டியினுடையது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. 2021-இன் வாகன உடைப்பு விதிகள் பதிவு பெற்ற மையங்களை ஏற்படுத்தியது இந்தக் குறைக்கு மருந்தாகலாம். ஆனால் காகிதம் கிராக்கைக் காட்டாது. காற்றழுத்தம் ஏற்றித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கும் பிரஷர் டெஸ்ட்தான் உள்ளே ஒளிந்த கிராக்கைக் காட்டும். ஆப்பூரில் ஆட்டோ நகர் எழும்போது கடைகளுக்கு நடுவே அதற்கு ஒரு பொதுக்கூடம் கட்டுங்கள். எந்த எஞ்சினிலிருந்து கழற்றியது என்று பில்லில் எழுதவும் வையுங்கள்.