17 பேரில் நின்ற கணக்கு

மலேரியாவுக்குப் பிரெஞ்சில் ‘பலுதிஸ்ம்’ என்று பெயர். சதுப்பு நிலத்தை வைத்து வந்த சொல். 1880-இல் அல்ஜீரியாவில், நோயாளியின் ரத்தத்தில் அந்தக் கிருமியை முதலில் கண்டவர் லவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பழக்கமான பெயர்.

கிருமி தெரியும், கொசு தெரியும், மருந்தும் உண்டு. இருந்தும் ஒரு நாட்டை விட்டு இதை விரட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? பக்கத்து இலங்கையைப் பார்த்தால் விளங்கும்.

1934-இல் அங்கே மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின, கொசு பெருகியது. அந்தக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். 1963-இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா!

அடுத்து நடந்தது, கோப்பு பார்த்தே காலம் கழித்த எனக்கு ஆச்சரியமாக இல்லை. நோயாளியே இல்லாத நோய்க்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? மருந்தடிப்பு நின்றது. ஆனால் வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் பல மாதம் பதுங்கியிருந்து மறுபடி கிளம்பும். ரத்தினக்கல் தோண்டக் காட்டுக்குப் போனவர்கள் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்கள். 1968-69-இல் 5 லட்சம் பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். திரும்ப டி.டி.டி.யை எடுத்தால், கொசு அதற்குப் பழகிவிட்டிருந்தது. பிறகு விலை கூடிய மாலத்தியானுக்கு மாற வேண்டியதாயிற்று.

1999-இல்கூட இரண்டரை லட்சம் பேருக்கு மேல் நோய். உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் வேலையை விடவில்லை. நடமாடும் குழுக்கள் ஊர் ஊராகப் போய் ரத்தப் பரிசோதனை செய்தன. 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூரில் யாருக்கும் தொற்றவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

லட்சங்களை 17 ஆக்க 17 ஆண்டுகள் போதும் என்றிருந்தது. அந்த 17-ஐப் பூஜ்யமாக்க மேலும் 49 ஆண்டுகள்!

சான்றிதழ் வந்த அதே ஆண்டின் இறுதியில், அதுவரை அங்கே இல்லாத ஸ்டீபன்சி வகைக் கொசு மன்னாரில் கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டு நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு அதுதான். மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும். எனவே நண்பர்களே, மாடிக்குப் போகும்போது தொட்டி மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.