கேஸ்கட் வெட்டிய கைகள்: கோரமண்டலில் எழுதப்படாத ஓர் எந்திர வரலாறு

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் எண்களால் எழுதப்பட்டிருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் இறங்கியது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் பொறுப்பேற்றது முதல், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்படும் வரை 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. இந்த வரலாற்றில் நீராவி எந்திரங்கள் வருகின்றன, மின்சாரம் வருகிறது, நிறுவனங்களின் பெயர்களும் வருகின்றன. எந்திரத்தின் இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு இடையே அமர்ந்து, நீரும் எண்ணெயும் அழுத்தக் காற்றும் கசியாமல் காத்த மெல்லிய தகடு மட்டும் எங்கும் வருவதில்லை. ஆங்கிலத்தில் அதற்குக் கேஸ்கட் என்று பெயர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பேக்கிங் என்றும் சொல்வர்.

இந்த இன்மைக்குக் காரணம் கேஸ்கட்டின் இயல்பிலேயே இருக்கிறது. அது தேய்வதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு. எந்திரத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது பெரும்பாலும் கிழிந்துபோகும். புதிதாக ஒன்று இடப்படும். எனவே அருங்காட்சியகத்தில் எந்திரம் இருக்கும், அதனுள் இருந்த பழைய கேஸ்கட் இராது. இன்று ஒருவர் அறுபது ஆண்டுப் பழமையுள்ள டீசல் ஜெனரேட்டரை மீட்டெடுக்க முனைந்தால் முதலில் எதிர்கொள்ளும் உண்மை இதுதான். வார்ப்பிரும்பு உடல் நலமாக இருக்கிறது. உதிரி உறுப்பு விற்ற நிறுவனம் இல்லை. கேஸ்கட்டைக் கையால் வெட்டியாக வேண்டும். அந்தக் கைவினையின் வரலாற்றைத் தேடினால், எந்திர வரலாறு எவரையெல்லாம் எழுதாமல் விட்டது என்பதும் தெரியவரும்.

தங்கவயலின் குடியிருப்புகளுள் ஒன்று கோரமண்டல். சோழமண்டலக் கடற்கரையின் ஐரோப்பிய வழக்குப் பெயர், கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலுள்ள மேட்டு நிலத்தில் ஊர்ப் பெயராகியிருக்கிறது. கேஸ்கட் என்னும் சொல்லும் இதேபோல் கடலிலிருந்து கரையேறியதுதான். பாய்மரக் கப்பலில் சுருட்டிய பாயைக் கட்டும் சிறு கயிற்றுக்கு அப்பெயர் வழங்கியது. சிறு கயிற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்பர் அகராதியாளர். நீராவி எந்திரத்தின் பிஸ்டனைச் சுற்றிச் சணல்நார்ப் பின்னலைக் கொழுப்பில் தோய்த்துத் திணித்தபோது, அந்தப் பின்னலும் அதே பெயரைப் பெற்றது. தமிழ்க் கடற்கரைக்கும் இப்பணி புதிதன்று. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரையும் பிசினையும் அடைத்துக் கசிவை நிறுத்தும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். ஆயினும் அந்தச் சொல் கரையோடு நின்றுவிட்டது. எந்திரப் பட்டறைக்குள் தமிழ் பேசியவர்கள் நுழைந்தபோது வேலையையும் அதன் ஆங்கிலப் பெயரையும் ஒருசேரக் கற்றுக்கொண்டார்கள்.

தங்கவயலில் முதலில் நீராவி ஆட்சி செய்தது. பாறை நொறுக்கும் ஆலைகள், ஆட்களையும் தாதுவையும் தூக்கும் எந்திரங்கள், அடிநிலத்து நீரை இறைக்கும் பம்புகள் ஆகியவை விறகாலும் நிலக்கரியாலும் ஓடின. நீராவி எந்திரம் என்பது பொறியியல் நோக்கில் பொருத்துகளின் தொகுதி. கொதிகலன் மூடி, குழாய் விளிம்பு, வால்வுத் தண்டு என ஒவ்வோர் இடத்திலும் கசிவு காத்திருக்கும். கசிந்த நீராவி வீணான விறகு. அடிநிலப் பம்பு நின்றால் உள்ளே நீர் ஏறும். 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 92 மைல் நீளக் கம்பி வழியே மின்சாரம் தங்கவயலை வந்தடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. இவ்வாண்டை எல்லா நூல்களும் ஒரு முடிவுப் புள்ளியாகக் கொண்டாடுகின்றன. பட்டறைக்கு அது முடிவாகவில்லை. அழுத்தக் காற்றால் இயங்கிய துளைக்கருவிகளும் அமுக்கிகளும் பம்புகளும் தொடர்ந்து ஓடின. அவற்றின் பொருத்துகளும் தொடர்ந்து பேக்கிங் கேட்டன.

தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட தம் நூலில் இதே நோக்கை வலியுறுத்துகிறார். கண்டுபிடிப்பு நிகழ்ந்த ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் அது வரலாறாகாது. ஒரு பொருள் பயன்பட்ட காலமும் பழுது பார்க்கப்பட்ட காலமும் சேர்ந்தே வரலாறு. இந்தியாவில் டீசல் எந்திரத்தின் கதை இதற்குத் தக்க சான்று. ரூடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்கில் தம் எந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இந்திய வயல்களிலும் மாவு ஆலைகளிலும் அவ்வெந்திரம் பரவியதோ பல பத்தாண்டுகள் கழித்து. இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்த, மெல்லச் சுழலும் ஒற்றை உருளை எந்திரம் இங்கே நெடுங்காலம் வாழ்ந்தது. புனேயில் 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் தோன்றியது. ராஜ்கோட் பட்டறைகள் லிஸ்டரின் வடிவத்தைப் பின்பற்றி எந்திரங்களை வார்த்தன. மின்வெட்டு இயல்பாகிப்போன பத்தாண்டுகளில், தென்னிந்தியச் சிறுநகரங்களின் திரையரங்குகளையும் ஆலைகளையும் மருத்துவமனைகளையும் இத்தகைய எந்திரங்களே காத்தன. அவை உயிரோடிருந்ததற்குக் காரணம், அவற்றைத் திறந்து மூடத் தெரிந்த ஆட்கள் ஊர்தோறும் இருந்தமையே.

அந்தத் திறமை எத்தகையது? கேஸ்கட் தாளை எந்திரப் பரப்பின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போரம் மெல்லத் தட்டிக்கொண்டே சென்றால், உலோக விளிம்பே கத்தியாகித் தாளை வெட்டிவிடும். முதலில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு போல்ட் துளைகள். அவற்றில் போல்ட்டைச் செருகித் தாள் நகராமல் நிறுத்தியபின் மற்றவை. விளிம்பு மென்மையான அலுமினியமாக இருந்தால் தட்டக் கூடாது. பரப்பில் மசகு தடவித் தாளில் அச்செடுத்து, கத்தரியாலும் துளைக்கும் பஞ்சாலும் வெட்ட வேண்டும். எண்ணெய் செல்லும் சிறு துளை ஒன்றை மறந்து விட்டால் எந்திரம் கசியாது, நன்றாகவே தொடங்கும். சிறிது நேரத்தில் எண்ணெயின்றிப் பேரிங் கருகும். தேர்ச்சியற்ற கையை இந்த ஒரு துளை காட்டிக்கொடுக்கும்.

தாளின் தடிமன் இன்னும் நுட்பமானது. டீசல் எந்திரத்துக்குத் தீப்பொறிக் கட்டை கிடையாது. காற்றை மிகுதியாக அமுக்கும்போது பிறக்கும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே உருளைத் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் கசிவை நிறுத்துவதோடு அமுக்க விகிதத்தையும் தீர்மானிக்கிறது. லிஸ்டர் வகை எந்திரத்தின் உருளை விட்டம் 4.5 அங்குலம், பிஸ்டன் வீச்சு 5.5 அங்குலம்; ஒரு வீச்சில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு ஏறத்தாழ 1,433 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 17 என்று கொண்டால், மேலே எஞ்சும் இடம் சுமார் 90 கன சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் கூடுதல் தடிமனுள்ள கேஸ்கட்டை வைத்தால் அவ்விடம் 5 கன சென்டிமீட்டர் பெருகும். விகிதம் ஏறத்தாழ 16 ஆகக் குறையும். எந்திரம் குளிர்ந்த காலையில் புகை கக்கித் தயங்கும். தடிமன் மிகக் குறைந்தாலோ பிஸ்டன் தலையில் இடிக்கும். இதனைச் சரிபார்க்க, ஈயக் கம்பித் துண்டைப் பிஸ்டன்மேல் வைத்து எந்திரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை அளப்பது பட்டறை வழக்கம். அளவுகோலும் கணக்கும் இதில் உள்ளன. இத்தகைய வேலையை ‘ஜுகாட்’ என்று செல்லமாக அழைத்து ஏழை நாட்டின் சாமர்த்தியமாக மட்டும் பாராட்டுவது அதன் துல்லியத்தை மறைத்துவிடுகிறது.

செம்புத் தகட்டால் ஆன கேஸ்கட்டில் வேறொரு அறிவு தேவைப்படுகிறது. அழுத்தத்தில் இறுகிய செம்பு கடினமாகிவிடும். மறுமுறை அப்படியே இட்டால் பரப்போடு படியாது. அதனை மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் மீண்டும் மென்மையாகும். எஃகை அவ்வாறு செய்தால் கடினமாகும். இவ்விரண்டையும் பிரித்தறிந்த கைகள் உலோகவியலை நூலில் படிக்கவில்லை. படித்தவர்கள் சொல்லும் காரணத்துக்குப் பிழையில்லாமல் செயல்பட்டன.

இக்கைவினைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் பொறியாளர் ரிச்சர்ட் கிளிங்கர், கல்நாரையும் ரப்பரையும் அழுத்தித் தாளாக்கிக் கிளிங்கெரிட் என்று பெயரிட்டார். வெப்பமும் அழுத்தமும் தாங்கிய அத்தாள் உலகப் பட்டறைகளை ஆண்டது. கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுப்பதை உணர்ந்து பிரிட்டன் 1931இல் தன் ஆலைகளுக்கு விதிகள் வகுத்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1995இல்தான் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலத்தை வாழ்வுரிமையோடு இணைத்துத் தீர்ப்பளித்தது. சுரங்கத்தின் சிலிக்காத் தூசால் தங்கவயல் தொழிலாளர் நுரையீரல் நோயுற்றது 1940களின் மருத்துவ ஆய்வுகளிலேயே பதிவாகியுள்ளது. நிலத்தடியில் ஒரு தூசு என்றால், கல்நார்த் தாள் வெட்டிய பட்டறைகளில் இன்னொரு தூசு. முன்னதற்கு ஆய்வுகளும் இழப்பீட்டுப் போராட்டங்களும் உண்டு. தாள் வெட்டியும் சுரண்டியும் வாழ்ந்தவர்களைப் பற்றிய பேச்சு அரிது. இன்று பழைய ஜெனரேட்டரைத் திறப்பவர் ஒட்டிக்கிடக்கும் சாம்பல்நிறத் தாளைக் கல்நார் என்றே கருத வேண்டும். உலர்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் தேய்க்காமல், நனைத்து, முகக்காப்பு அணிந்து, மெல்லப் பெயர்த்து, கட்டி அகற்றுவதே முறை. புதிய கேஸ்கட்டுக்கு அராமிட் இழையோ கிராஃபைட்டோ கலந்த தாள்கள் கிடைக்கின்றன.

இந்த அறிவு ஏன் எழுதப்படவில்லை என்னும் கேள்விக்கு, பொருளின் அழியும் தன்மை பாதி விடைதான். மறுபாதி சமூகத்தில் இருக்கிறது. தங்கவயலில் மேற்பார்வையும் உயர்ந்த தொழில்நுட்பப் பதவிகளும் ஐரோப்பியரிடமும் ஆங்கிலோ இந்தியரிடமும் குவிந்திருந்தன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஜானகி நாயரின் 1998ஆம் ஆண்டு நூல் இந்த உழைப்புலகை விரிவாக ஆராய்கிறது. நிறுவன அறிக்கை டன்னையும் செலவையும் கணக்கிட்டது. உதவியாளரின் கையறிவுக்கு அதில் நிரல் இல்லை. தொழிலாளர்களும் எழுத்தற்றவர்களாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசர் தொடங்கிய தமிழன் இதழ் அவர் மறைவுக்குப் பின் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பௌத்த நூல்கள் அங்கே அச்சேறின. சமயம், கல்வி, சுயமரியாதை என்று உயிர்ப்பிரச்சினைகளைப் பேச வேண்டியிருந்த அச்சுலகின் முன்னே, பேக்கிங் வெட்டும் முறை எழுதத்தக்க பொருளாகத் தோன்ற வழியில்லை. அது ஒரு தோளுக்கு அருகில் இன்னொரு தோள் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதாகவே கடந்து சென்றது.

2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது பம்புகள் நின்றன, அடிநிலத்தில் நீர் ஏறியது. வேலை தேடி மக்கள் நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டியில் செல்லத் தொடங்கினர். தோளோடு தோள் நின்று கற்கும் பட்டறை அதனோடு சுருங்கியது. சுரங்கக் கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்னும் குரல் நியாயமானது. அதனோடு, இன்னும் வாழும் பழைய ஃபிட்டர்களிடம் பேச்சைப் பதிவு செய்வதும் தமிழ் ஆய்வுத் துறைகளின் கடமை. எந்தத் தாளை எந்தப் பொருத்துக்கு இட்டார்கள், அதற்கு என்ன பெயர் சொன்னார்கள், தடிமனை விரல் நுனியில் எப்படி உணர்ந்தார்கள், எந்தத் தூசை எத்தனை ஆண்டு சுவாசித்தார்கள் என்பவை அப்பதிவில் இடம்பெற வேண்டும். வட்டார வழக்கு அகராதிகள் உழவுக்கும் மீன்பிடிக்கும் அளித்த இடத்தை எந்திரப் பட்டறைக்கும் அளித்தால், கலப்பற்றுக்கும் பேக்கிங்குக்கும் இடையே விடுபட்ட சொற்களேனும் கிடைக்கும்.